கடைசி இடத்துக்கு ஒரு முறை

எங்கள் ஆய்வகத்தில் ஏழு பெண்கள். ஊருக்குக் குழாயில் போகிற தண்ணீரை நாங்கள் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது மனிதர் வாயில் படும். நான் முகாம்பர், ஐம்பத்து மூன்று வயது, அந்தப் பிரிவின் தலைவி. பதினொரு வருடம் அந்த நாற்காலி என்னுடையது. குரல் கொஞ்சம் பெரிசு என்று சொல்வார்கள். அதட்டாமல் இருந்தால் கண்ணாடிக் குடுவைகள் தாமாகக் கழுவிக்கொண்டு அலமாரியில் ஏறி உட்காருமா என்ன?

போன வருடம் வசந்தத்தில் தலைநகரிலிருந்து தோனியோர் என்று ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி, நல்ல சட்டை, எதற்கெடுத்தாலும் புன்னகை. வேலை செய்கிற மனிதர்களைப் புரிந்துகொள்வதற்கென்றே வெளிநாட்டில் போய்ப் படித்துவிட்டு வந்தவனாம். நாங்கள் அவனை வாத்தியார் என்று கூப்பிட்டோம். கிண்டலாகத்தான் ஆரம்பித்தோம், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

வாத்தியார் பலகையில் ஒரு குன்றை வரைந்தான். எந்த நாட்டில் எந்தக் கூட்டம் வேலை செய்தாலும் மனிதர்கள் இந்த வடிவத்தில்தான் பரவியிருப்பார்கள் என்றான். ஒரு பக்கச் சரிவில் சிறந்தவர்கள் ஓரிருவர், நடுவில் பெருங்கூட்டம், மறுபக்கச் சரிவில் பின்தங்கியவர்கள் ஓரிருவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருத்தியும் தன்னையும் சேர்த்து ஏழு பேரையும் ஒன்று முதல் ஏழு வரை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். தாளில் எழுதியவள் பெயர் இருக்காது. பெட்டியில் போட்டால் போதும். தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டால் மனிதன் தானாக மேலே ஏறப் பார்ப்பான் என்பது அவன் படிப்பு.

எங்களில் சனோபருக்கு நாக்கு கூர்மை. கடைசி பெஞ்சிலிருந்து கேட்டாள்.

"தந்தூர்ல ஏழு ரொட்டி ஒட்டினா ஒண்ணு கருகியே தீரணும்னு சட்டமா, வாத்தியாரே?"

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் தாளைக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

அந்தத் தாள் ஒரு வாரம் எங்கள் கைப்பையிலேயே கிடந்தது. யாராலும் எழுத முடியவில்லை. ஒன்று முதல் ஆறு வரை எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை. ஏழுக்கு எதிரே ஒரு பெயரை எழுத வேண்டுமே, அங்கேதான் பேனா நின்றது. யாருடைய பிள்ளைப் பேற்றுக்குப் போய் நின்றோமோ, யார் வீட்டுச் சாவுக்கு மாவு பிசைந்தோமோ அவளை எப்படிக் கடைசி என்று எழுதுவது? எங்கள் பக்கத்தில் அது வெட்கக்கேடு. எழுதப்பட்டவளுக்கு மட்டுமல்ல, எழுதியவளுக்கும்.

வழி கண்டுபிடித்தவள் நான்தான். இதை மறைக்கப் போவதில்லை. மாதம் ஒருத்தி வீட்டில் ஏழு பேரும் கூடிச் சாப்பிட்டுப் பேசுவது எங்கள் வழக்கம், காப் என்போம். யார் வீட்டில் எந்த மாதம் என்று வருட ஆரம்பத்தில் சீட்டுப் போட்டு வைத்துக்கொள்வோம். அந்த மாதம் ராபியா வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பளிச்சென்று பட்டது. பிலாவ் சோறு சமைக்க முறை வைத்துக்கொள்கிறோம், கடைசியில் நிற்க முறை வைத்துக்கொண்டால் என்ன? அதே சீட்டு வரிசை. முதலில் ராபியா, அடுத்து சனோபர், மூன்றாவது ஹிலோலா, நான்காவது நான், எனக்குப் பிறகு இனோபத், அப்புறம் மற்ற இருவர். இந்தத் தடவை கடைசியில் நின்றவளை அடுத்த தடவை முதலிடத்தில் ஏற்றிவிடுவோம், மனத்தாங்கல் இருக்காது. ராபியா பிலாவில் இன்னொரு கரண்டி வைத்து, கடைசி ஆளாக இருப்பதில் தனக்குப் பரம சந்தோஷம் என்றாள்.

அப்படியே நடத்தினோம். முதல் காலாண்டில் ராபியா கடைசி. இரண்டாவதில் சனோபர் கடைசி, ராபியா முதல். மூன்றாவதில் ஹிலோலா கடைசி, சனோபர் முதல்.

வாத்தியார் சொக்கிப்போனான். கீழே இருந்தவள் மூன்றே மாதத்தில் உச்சிக்கு வருகிறாள், அதுவும் ஒவ்வொரு தடவையும்! இது அவன் புத்தகங்களிலேயே இல்லாத வேகம். எங்கள் ஏழு பேரின் ஏற்ற இறக்கத்தைப் பச்சையும் சிவப்புமாகக் கோடு போட்டுத் தலைநகரில் பெரிய கூட்டத்தில் காட்டினானாம். நடைபாதையில் எங்கள் படத்தை மாட்டி முன்மாதிரிப் பிரிவு என்று எழுதி, பக்கத்தில் அந்தந்தக் காலாண்டின் வரிசைப் பட்டியலையும் ஒட்டினார்கள். அதைக் கடந்து போகும்போதெல்லாம் நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு போவோம். தண்ணீரில் கலங்கல் எவ்வளவு என்று அவனுக்கு அளக்கத் தெரியாது. அதுபோலத்தான் இதுவும் என்று எனக்குக் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது.

நான்காவது காலாண்டு வந்தது. என் முறை.

அந்த நேரம் பார்த்து என் மகள் செவராவைப் பெண் கேட்டு நமங்கானிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நல்ல குடும்பம், பையன் பல் மருத்துவர். பையனின் அம்மா விவரமானவள். எங்கள் தெருவில் விசாரித்தாள், ரொட்டிக் கடையில் விசாரித்தாள், அடுத்தது என் வேலையிடத்துக்குத்தான் வருவாள் என்று எனக்குத் தெரியும். வருகிறவள் கண்ணில் நடைபாதைப் பட்டியல் படாமல் இருக்குமா? பெண்ணைப் பெற்றவள் தன் பிரிவிலேயே கடைசி என்று எழுதியிருந்தால் சம்பந்தம் கைகூடுமா?

இனோபத்தைக் கூப்பிட்டேன். அவள் குளோரின் அளக்கிற மேசைக்காரி, நாற்பது வயது, அதிகம் பேசமாட்டாள். ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போன புருஷன் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போய்த் திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்தி.

"இந்தத் தடவை நீ நின்னுக்கோ. அடுத்ததுக்கு நான் நின்னுக்கறேன். பொண்ணு விஷயம், உனக்கே தெரியும்" என்றேன்.

கேட்டேன் என்று சொல்கிறேன், உண்மையில் சொன்னேன். கையில் இருந்த குடுவையைக் கீழே வைக்காமலே அவள் தலையாட்டினாள். மற்ற ஐந்து பேருக்கும் தகவல் போயிற்று. தாள்கள் பெட்டிக்குள் போயின. இனோபத் ஏழு. நான் நடுவில் பத்திரமாக நான்கு. பையனின் அம்மா வந்தாள், பட்டியலைப் பார்த்தாள், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கல்யாணத் தேதி குறித்தோம்.

பத்து நாள் கழித்து இயக்குநர் நூர்மத் அண்ணன் எங்களைக் கூட்ட அறைக்கு அழைத்தார். மேலிடத்துக் கடிதத்தைப் படித்தார். ஒவ்வொரு பிரிவிலும் ஓர் ஆளைக் குறைக்க வேண்டும். யாரை என்று சண்டை வராமல் இருக்க, கடைசியாக நடந்த வரிசைப்படுத்தலில் எவர் கடைசியோ அவர். நியாயமான முறை என்று மேலிடம் கருதுகிறது. இரண்டு மாத அவகாசம். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இனோபத்தைப் பார்க்கவில்லை.

இனோபத்தும் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து ஆய்வகத்துக்குப் போனாள். குடுவை கழுவுகிற சத்தம் கேட்டது.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் ஏழு பேரும் சேர்ந்து ஏமாற்றியது வெளியே வரும், ஏழு பேர் பிழைப்பும் போகும். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இனோபத் இளையவள், வேறு வேலை கிடைக்கும். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே வருடம். ஒவ்வொன்றும் சரியான காரணம்தான். ராத்திரி படுத்தால் ஒன்றுகூடத் தூக்கம் வரவழைக்கவில்லை.

என்னை அறுத்தது இனோபத்தின் நடத்தை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் கேட்கவில்லை. தன் மேசைக்கு அடுத்து வரப்போகிறவளுக்காக ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைக்க ஆரம்பித்தாள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் கோடையில் எப்படி மாறும், எந்தக் கருவி மழைநாளில் பொய் சொல்லும் என்றெல்லாம். பதினொரு வருடத்தில் அவளிடம் அந்த விவரம் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் கொண்டுவந்த கணக்கில் கையெழுத்துப் போடுவேன், மேலிடத்தில் நான் சொன்னதாகச் சொல்வேன், அவ்வளவுதான்.

நான்காம் நாள் மதியச் சாப்பாட்டின்போது சனோபர் எல்லோருக்கும் பச்சைத் தேநீர் ஊற்றினாள். எங்கள் பக்கத்தில் மதிப்புக்குரியவருக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம். தீர்ந்ததும் மறுபடி ஊற்றலாம், அவர் இன்னும் கொஞ்ச நேரம் நம்மோடு இருப்பார். சனோபர் என் கிண்ணத்தை விளிம்பு தளும்ப நிரப்பி என் முன்னால் நகர்த்தினாள். குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். ஆறு பேரும் தத்தம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை.

சுடச்சுட முழுவதையும் குடித்தேன். நாக்கு பொத்துப்போயிற்று. எழுந்து நேரே இயக்குநர் அறைக்குப் போனேன்.

அங்கே வாத்தியாரும் இருந்தான், வருடாந்தர அறிக்கைக்காக வந்திருந்தான். நல்லதாகப் போயிற்று என்று இருவரிடமும் ஒரே மூச்சில் கொட்டினேன். சீட்டு வரிசை, கடைசியில் நின்றவளை முதலில் ஏற்றியது, என் மகள் சம்பந்தம், முறை மாற்றியது, எல்லாம். இந்தத் தடவை கடைசி நான்தான், இனோபத் இல்லை என்றேன்.

நூர்மத் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். தோனியோர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவு நேரமும் பையனாகத் தெரிந்தவன் சட்டென்று களைத்த மனிதனாகத் தெரிந்தான்.

"ஒரு வருஷக் கோடு முழுசும் பொய்யா?"

"பொய்யில்ல, முறை" என்றேன்.

"பிடிக்கலைன்னா மொத நாளே என்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, அக்கா."

"இவ்வளவு தூரம் வந்த பையன் மூஞ்சிக்கு நேரா எப்படிப்பா இல்லேன்னு சொல்றது?"

அவன் கையில் இருந்த அறிக்கையை மூடி வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். மனிதர்கள் போட்டி போடுவதை அளக்கத்தான் தனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், ஒருத்தியை இன்னொருத்தி மறைத்து நிற்பதை அளக்க எந்தத் தாளும் தன்னிடம் இல்லை என்றான். எனக்கு அவன்மேல் முதல் தடவையாகப் பாவமாக இருந்தது. நாங்கள் மறைத்து நின்றது உண்மைதான். ஆனால் என் முறை வந்ததும் நான் விலகிக்கொண்டேனே, அதை அவன் எந்தத் தாளில் அளப்பான்?

நூர்மத் அண்ணன் திரும்பினார். மேலே போன அறிக்கையைத் திரும்பப் பெற முடியாது, ஆள் குறைப்பையும் தடுக்க முடியாது என்றார்.

"எனக்கு ஒரு பேரு வேணும், முகாம்பர். அது யார் பேருன்னு மேல எவனும் கேக்கமாட்டான். ஏழு பேரையும் கூப்பிடு. என் கண்ணு முன்னால எழுதுங்க. இந்தத் தடவை முறை கிடையாது."

அன்று மாலையே கூட்ட அறையில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் இரண்டு நாற்காலி காலி. தோனியோர் தாளைக் கொடுத்தான். பேசக் கூடாது, பார்க்கக் கூடாது, மனசில் உள்ளதை எழுதுங்கள் என்றான். இப்போது அவன் குரலில் புன்னகை இல்லை.

நான் தயங்கவில்லை. ஒன்றுக்கு எதிரே இனோபத். ஏழுக்கு எதிரே முகாம்பர். எழுதிவிட்டுத் தாளை மடிக்கும்போது நெஞ்சு லேசாகி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. செய்த தவற்றை நானே சரிசெய்கிறேன், மற்றவர்கள் பாவம் என்ன செய்வார்கள், யோசித்து யோசித்து ஆளுக்கொரு பெயரை எழுதுவார்கள், ஹிலோலாவுக்கு இரண்டு விழும், சனோபரின் வாய்க்கு இரண்டு விழும், என் ஒரு தாள் என்னை மூழ்கடிக்கப் போதுமா என்றுகூடக் கவலைப்பட்டேன். போதாவிட்டால் நானே எழுந்து விலகிக்கொள்கிறேன் என்று சொல்வதாக வாக்கியங்களைக்கூடக் கோத்து வைத்திருந்தேன்.

நூர்மத் அண்ணன் தாள்களைப் பிரித்து ஏழாம் இடத்தை மட்டும் படித்தார்.

"முகாம்பர்."

என் தாள் முதலில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"முகாம்பர்."

காது சூடேறியது.

"முகாம்பர். முகாம்பர்."

அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஐந்தாவதைப் பிரித்துவிட்டுப் படிக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். படியுங்கள் என்றேன். ஐந்தும் நான். ஆறும் நான். ஏழாவதில் என் கையெழுத்து எனக்கே மேசைக்கு அப்பாலிருந்து தெரிந்தது. நான் பெரிதாகத் தியாகம் செய்வதாக எழுதிய தாள். அது இல்லாவிட்டாலும் கணக்கு முடிந்திருக்கும்.

நான் கோத்து வைத்திருந்த வாக்கியங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எழுந்து, அலமாரிச் சாவியை மேசையில் வைத்தேன்.

கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன், நிற்கவில்லை. பையனின் அம்மாவிடம் நானே போய் வேலை போன கதையைச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், பட்டியலில் நான்காம் இடத்துக்கு எப்படி வந்தேன் என்பது உட்பட. அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நானும் பொண்ணு கேக்க வந்தப்போ பையன் எட்டு மணிக்கு முன்னாடி எந்திரிக்கமாட்டான்கறத சொல்லல" என்றாள். அதோடு விட்டாள்.

என்னை உறுத்தியது வேறு. அந்த ஆறு பேரும் ஏன் என் பெயரை எழுதினார்கள்? முறைப்படி அது என் இடம், மாற்றியதை மறுபடி நேராக்குகிறோம் என்று எழுதினார்களா? அப்படியென்றால் அதில் எனக்கு அவமானம் ஒன்றுமில்லை, என் கணக்கைத்தான் எனக்குத் திருப்பித் தந்தார்கள். அல்லது நூர்மத் அண்ணன் சொன்னபடி உள்ளதை உள்ளபடி எழுதினார்களா? ஒரே தாள், ஒரே பெயர். வாத்தியாரின் எந்தக் கோடும் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

அடுத்த மாதக் காப் என் வீட்டில். வரமாட்டார்கள் என்று நினைத்தேன், ஆறு பேரும் வந்தார்கள். ராபியா முலாம்பழம் கொண்டுவந்தாள். பிலாவ் நன்றாக வந்திருந்தது, மஞ்சள் கேரட் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தேன். சிரித்தோம், புது மாப்பிள்ளையின் தூக்கத்தைக் கிண்டல் செய்தோம். அதட்ட ஆளில்லாமல் ஆய்வகம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டபோது மட்டும் ஒரு நொடி எல்லோரும் ஒரே நேரத்தில் பழம் எடுத்தார்கள்.

ஒவ்வொருத்தியாக விடைபெறும்போது வாசலில் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். முறைக்காக எழுதினாயா, மனசில் அதுதான் இருந்ததா என்று. ராபியா முறைதானே அக்கா என்றாள். ஹிலோலா முறைதான் என்று என் கன்னத்தில் முத்தமிட்டாள். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். சனோபர்கூட, அந்தச் சனோபர்கூட, தரையைப் பார்த்துக்கொண்டு முறை என்றாள்.

இனோபத் கடைசியாக வந்தாள். குனிந்து காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டேன். நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"முறைன்னு நெனச்சுத்தான் பேனாவ எடுத்தேன்க்கா. எழுதறப்போ, மொத தடவ மாதிரி பேனா நிக்கல."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோபமா, நன்றியா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவள் படலைத் தாண்டுவதற்குள், அந்தக் கிணறுகளைப் பற்றி எழுதிய நோட்டை ஒருநாள் எனக்குப் படிக்கத் தருவாயா என்று கேட்டேன். தருகிறேன் என்றாள்.